அஞ்சு நிமிஷம் நின்ன வண்டி

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு இந்தப் பக்கந்தான் சரி. இங்கிருந்து பாத்தா டிரைவரோட காலு தெரியும். காலைப் பாக்காம எனக்கு பஸ்சுல உக்காரவே முடியாதுங்க. இந்தாளைப் பாருங்க, கிளட்ச்சு மேலயே காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஓட்டறான், என்னமோ அவங்க வீட்டு வாசப்படி மாதிரி. மூணு மாசத்துல பிளேட்டு போயிரும். சொன்னாக் கேக்க மாட்டாங்க. சொல்றதுக்கு நீ யாருன்னு கேப்பாங்க.

இன்னிக்குக் கோர்ட்டுலயும் அதையேதான் கேட்டாங்க. நீங்க யாருன்னு.

பயப்படாதீங்க, நான் குத்தவாளி இல்லீங்க. சாட்சி. சாட்சி சொல்லிட்டுத்தான் வர்றேன். நீங்க எதுவரைக்கும்? கூத்தம்பாறைக்கும் அக்கட்டாலயா? அப்ப ஒண்ணரை மணி நேரம் இருக்குது. வெளியூருதானுங்க நீங்க? பாத்தாலே தெரியுது. நல்லதாப் போச்சு. உள்ளூர்க்காரங்ககிட்ட இனிமே இதைப் பேச முடியாது.

என் பேரு அர்த்தநாரி. கூத்தம்பாறையில வந்து வெறும் அர்த்தநாரின்னு கேட்டா நாலு பேரைக் காட்டுவாங்க. டெஸ்ட்டு அர்த்தநாரின்னு கேளுங்க, கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து வுட்டுட்டுப் போவாங்க. நேத்து வரைக்கும் அப்படித்தான். நாளையிலிருந்து எப்படியோ.

டிரைவர்னு நெனைச்சுக்காதீங்க. டிரைவர்னா வருசம் முன்னூறு நாள் ஓட்டறவன். நான் டெஸ்ட்டு நாள் மட்டும் ஓட்டறவன். இப்ப ஒருத்தரு டிராக்டர் வெச்சிருக்காரு, பின்னாடி டிரெய்லர். ஆறு டன்னு இழுக்கலாம்னு ஆர்.சி. புக்குல போட்டிருக்குது. அவருக்குப் பத்து டன்னு இழுக்கணும். என்ன பண்ணுவாரு? பட்டறைக்குக் கொண்டு போயி தடியாக் கொக்கி மாட்டுவாரு, டிரெய்லருக்குத் தனியா பிரேக்கு வெப்பாரு, டயரை மாத்துவாரு. மாத்திட்டாப் போதுமா? கவர்மெண்டு ஒத்துக்கணுமில்ல. ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் பின்னாடி ஒரு மேடு இருக்குது. பத்து டன்னு பாரத்தோட அந்த மேட்டுல பாதி ஏறி, சுண்ணாம்புக் கோட்டுல நிறுத்தணும். நிறுத்தி, கியரை நியூட்ரல்ல போட்டுட்டு, வெறும் பிரேக்குல அஞ்சு நிமிஷம் நிக்கணும். டிரெய்லரோட பின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி பிரேக் இன்ஸ்பெக்டரு ஒரு செங்கல்லை வெப்பாரு. அஞ்சு நிமிஷத்துக்குள்ள சக்கரம் அந்தச் செங்கல்லைத் தொட்டா பெயிலு. தொடலைன்னா கையெழுத்து. புக்குல பத்து டன்னு ஏறிரும்.

நிக்காத வண்டியை நிக்க வெக்கறதுதான் சார் என் வேலை.

எப்படின்னு சொல்றேன், உங்ககிட்டச் சொன்னா என்ன. மொதல்ல செருப்பைக் கழட்டிருவேன். செருப்போட ஓட்டறவனுக்கு வண்டி என்ன பேசுதுன்னு தெரியாது. கியர் ராடு மேல துண்டைப் போட்டிருவேன். வேர்வை தொடைக்கற துண்டு, யாரும் கேக்க மாட்டாங்க. துண்டுக்கு அடியில வண்டி மொதல் கியர்ல இருக்கும். கிளட்ச்சைப் பாதி வுட்டு, ஆக்சிலேட்டரை ஒரு நூல் அளவு தொட்டு, முன்னாடியும் போகாம பின்னாடியும் வராம அப்படியே புடிக்கணும். ஒரு நூல் கூடுனா வண்டி குதிக்கும். ஒரு நூல் கொறைஞ்சா செங்கல்லு நொறுங்கும். இஞ்சின் சத்தம் நியூட்ரல்ல எப்படிக் கேக்குமோ அப்படியே கேக்கணும். இன்ஸ்பெக்டரு பின்னாடி செங்கல்லையே பாத்துட்டு நிப்பாரு. அவருக்கு அஞ்சு நிமிஷம். எனக்கு அது அஞ்சு வருசம்.

கிளட்ச்சு பிளேட்டு கருகற நாத்தம் வருமே, அதுக்கென்ன பண்ணுவேன்னு நீங்க கேக்கணும். வண்டி தெரிஞ்ச ஆளா இருந்தா கேப்பீங்க. டெஸ்ட்டுக்கு முந்தி எலுமிச்சம்பழம் வெச்சு, தேங்காய் ஒடைச்சு, சாம்பிராணி போடறது வழக்கமில்லீங்களா? நான் கொஞ்சம் தாராளமாப் போடுவேன். முன்னாடி ஒரு சட்டி, பின்னாடி ஒரு சட்டி. இன்ஸ்பெக்டரே கண்ணை மூடிக் கும்பிட்டுக்குவாரு. சாமி காரியத்துல எவன் மோந்து பாக்கறான்?

பதினோரு வருசத்துல முன்னூத்தி நாப்பத்திரெண்டு வண்டி சார். ஒரு செங்கல்லு தொட்டதில்ல.

அப்புறம் அந்த வண்டியெல்லாம் ரோட்டுல என்ன பண்ணும்னு கேப்பீங்க. நீங்க மட்டுமில்ல, என் சம்சாரமே கேட்டிருக்கா. நான் ஒண்ணு கேக்கறேன், பரிச்சையில பாசானவன் எல்லாம் படிச்சதை ஞாபகம் வெச்சுக்கிட்டா திரியறான்? பாசானதோட அவன் பாடு.

இந்தக் கேசு என்னன்னா, ரத்தினவேலுன்னு ஒருத்தரு. கொஞ்சம் தோட்டந்தொரவு, ரெண்டு டிராக்டரு. அவருகிட்ட மாதேசுன்னு ஒரு பையன் டிரைவரு. பையன்னா முப்பத்தஞ்சு வயசு இருக்கும், எனக்குப் பையன்தான். நல்லவன். நல்லவன்னு நான் சும்மா சொல்ல மாட்டேன். பீடி சிகரெட்டு கெடையாது, தண்ணி கெடையாது, வண்டியைக் கழுவித் தொடைச்சு வெச்சிருப்பான். ஆனா காலு இல்ல. என்ன பண்றது, எல்லாருக்கும் எல்லாமா குடுக்கறான் கடவுளு?

ரத்தினவேலு பத்து டன்னுக்குப் போட்டாரு. மொத தடவை மாதேசுதான் மேட்டுல ஏத்துனான். செங்கல்லு மேல சக்கரம் ஏறிருச்சு. ரெண்டாந் தடவையும் ஏறிருச்சு. ரெண்டாந் தடவை எறங்கி வந்து மொதலாளிகிட்டச் சொல்றான், "மொதலாளி, பிரேக்கு புடிக்கலீங்க. பட்டறையில காட்டணும்"ங்கறான். நான் டீக்கடையில உக்காந்து பாத்துட்டிருக்கேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம், அந்தக் கதைதான்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ரத்தினவேலுவும் சிரிச்சாரு. மாதேசு மட்டும் சிரிக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு செங்கல்லுத் துண்டைப் பொறுக்கி ஓரமாப் போட்டான்.

மூணாந் தடவைக்கு என்னைக் கூப்புட்டாங்க.

ஏறி உக்காந்ததுமே தெரிஞ்சுருச்சுங்க. பிரேக்கை மிதிச்சேன், சேத்துல காலு போற மாதிரி போகுது. பட்டறைக்காரன் டிரெய்லருக்குப் பிரேக்குன்னு குழாயை இழுத்து வெச்சிருக்கான், பெயிண்டெல்லாம் அடிச்சிருக்கான், உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் டிராக்டரு பிரேக்குதான். அது ஆறு டன்னையே அழுதுக்கிட்டுத்தான் நிறுத்தும். நான் வாயைத் தொறக்கல. டாக்டரு நோயாளியைப் பாத்துட்டு வெளிய சொல்லுவாரா? செருப்பைக் கழட்டுனேன். துண்டைப் போட்டேன். அன்னிக்கு மாதிரி ஒரு நாளு எனக்கு வாய்ச்சதில்லீங்க. பத்து டன்னும் இந்த எடது காலு கட்டைவெரலுக்கு அடியில இருந்துச்சு. செங்கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவால அதே ஒரு சாண். அஞ்சு நிமிஷம் முடிஞ்சு இன்ஸ்பெக்டரு, "பலே, எமன் மாதிரி நிக்குதய்யா வண்டி"ன்னாரு. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாரு.

நாலு நாளு கழிச்சு மாதேசு எங்க வீட்டுக்கு வந்தான். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிட்டு, கூடவே அவன் சம்சாரம். கோகிலான்னு பேரு. ஒல்லியா, செவப்பா, துறுதுறுன்னு இருக்கும் அந்தப் புள்ளை. வாசல்லயே நின்னுட்டு மாதேசு கேக்கறான், "அண்ணா, உங்க காலுக்கு நின்னுச்சு. எனக்கு நிக்க மாட்டேங்குது. பின்னாடி பின்னாடி நழுவுது. மொதலாளிகிட்டச் சொன்னா, சர்க்காரே பாஸ் பண்ணுன வண்டியை நீ என்னடா குத்தம் சொல்றேங்கறாரு. நீங்க என்ன பண்ணுனீங்கன்னு சொல்லுங்கண்ணா."

இப்ப நீங்க என்ன சொல்லியிருப்பீங்க சார்? வண்டியில பிரேக்கு இல்லடான்னு சொல்லியிருக்கலாம். சொல்றதுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஆனா பாருங்க, அந்தப் புள்ளை கோகிலா என் காலையே பாத்துட்டு நிக்குது. அதிசயத்தைப் பாக்கற மாதிரி. அம்பத்தெட்டு வயசுல என் காலை அப்படி யாரு பாக்கறா? எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, பித்தவெடிப்புக்கு மருந்து போடுங்கறதோட சரி.

"வண்டி நல்ல வண்டிதான் மாதேசு. எல்லாம் கால்ல இருக்குது. ஆறு மாசம் ஓட்டு, தானா வரும்"னேன்.

உடனே அந்தப் புள்ளை கேக்குது, "அது வரைக்கும் என்னங்கண்ணா பண்றது?"

"அது வரைக்கும் நீ கூடப் போயி, எறங்கி எறங்கிக் கட்டை போடு"ன்னேன்.

தமாசுக்குத்தான் சார் சொன்னேன். கட்டைன்னா தெரியுமில்ல, மேட்டுல வண்டி நின்னா சக்கரத்துக்குப் பின்னாடி முட்டுக் குடுப்பாங்களே, அந்த மரக்கட்டை. நான் சிரிச்சேன், அவங்களும் சிரிச்சாங்க. காப்பி குடிச்சுட்டுப் போனாங்க.

அடுத்த வாரமே பாக்கறேன், நெசமாவே டிராக்டர்ல அவ உக்காந்திருக்கா, மடியில கட்டையை வெச்சுக்கிட்டு.

அது குச்சிக்கிழங்கு சீசனு, அதான் மரவள்ளி. ஜவ்வரிசி பண்ற சேகோ பேக்டரி மேட்டு மேல இருக்குது. எடை போடறதுக்கு வரிசையில டிராக்டருங்க கீழ ரோடு வரைக்கும் நிக்கும். பத்தடி நகரும், நிக்கும். பத்தடி நகரும், நிக்கும். மத்த வண்டியெல்லாம் சும்மா நிக்குது. மாதேசு வண்டி நிக்கறப்ப எல்லாம் அந்தப் புள்ளை குதிச்சு ஓடி, சக்கரத்துக்குக் கட்டையைக் குடுக்கும். நகர்றப்ப எடுத்துக்கிட்டு ஓடி வரும். ஒரு லோடுக்கு நாப்பது தடவையாச்சும் இருக்கும். நான் பேக்டரி வாசல் டீக்கடையில உக்காந்து எண்ணுவேன். நான்தான் அவளுக்குப் பேரு வெச்சேன், ஹேண்ட் பிரேக்குன்னு. வரிசையில நிக்கறவன் எல்லாம், "டேய் மாதேசு, ஹேண்ட் பிரேக்கைப் போடு"ம்பான். அவளும் கோவிச்சுக்க மாட்டா. சிரிச்சுக்கிட்டேதான் ஓடுவா.

மாதேசு ஞாயித்துக்கிழமை ஆபீசு மேட்டுக்கு வெறும் டிரெய்லரோட வந்து, ஒரு செங்கல்லை வெச்சுப் பழகுவான் சார். தனியா. வெறும் வண்டி நிக்கும்தானே? நிக்கும். அவனுக்கு மூஞ்சியில ஒரு சந்தோசம். காலு வருது வருதுன்னு நெனைச்சிருப்பான். திங்கக்கெழம பாரம் ஏத்துனா மறுபடி நழுவும். எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா தொழில் ரகசியத்தை வீதியில வெச்சுச் சொல்ல முடியுங்களா?

தை கடைசியில ஒரு நாளு. காலையில பத்து பத்தரை இருக்கும். பேக்டரியில கிழங்கு கழுவுன தண்ணி ரோட்டுல ஓடிட்டிருந்துச்சு, மாவுத் தண்ணி, வழவழன்னு. வரிசை நின்னுது. கோகிலா கட்டையை எடுத்துட்டு ஓடுனா. குனிஞ்சு வெச்சா. கட்டை வழுக்கிருச்சு. திரும்ப வெக்கலாம்னு இன்னும் கொஞ்சம் உள்ள குனிஞ்சிருக்கா. மாதேசு பிரேக்கு மேல எந்திரிச்சு நின்னுருக்கான், ரெண்டு காலையும் வெச்சு. கத்தியிருக்கான். வண்டி நிக்கல.

நானும் ஓடிப் போனேன். சக்கரத்துப் பக்கம் போகல. எனக்கு ரத்தம்னா ஆகாது. இஞ்சின் பக்கம் போனேன். குனிஞ்சு மோந்து பாத்தேன். கிளட்ச்சு வாடையே இல்லீங்க. ஒரு துளி கருகல் இல்ல. அப்பவே பக்கத்துல நின்னவன்கிட்டச் சொன்னேன், பாரு, இவன் காலையே உபயோகப்படுத்தல, பிரேக்கை நம்பியே நின்னுருக்கான்னு. பிரேக்கை நம்புனவனை என்ன சொல்றது?

பொணத்தை எடுக்கறதுக்குள்ள அவளோட அண்ணன் செல்லமுத்து வந்துட்டான். வந்ததும் மாதேசை அடிச்சான். எந்தங்கச்சியை வண்டியேத்திக் கொன்னுட்டாண்டான்னு போலீசுல எழுதிக் குடுத்தான். புருசன் பொண்டாட்டின்னா நாலு சண்டை இருக்காதா? பக்கத்து வூட்டுல எவளோ, முந்தின நாளு ரெண்டு பேரும் சத்தம் போட்டுக்கிட்டாங்கன்னு சொல்லிட்டா. அது என்ன சத்தம்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. அவ வர மாட்டேன்னிருக்கா, இடுப்பு வலிக்குதுன்னு. இவன் ஒரு வாரம் மட்டும் வா, அதுக்குள்ள எனக்குக் காலு வந்துரும்னிருக்கான்.

மதுமிதான்னு ஒரு பொண்ணு அவங்களுக்கு, அஞ்சாவது படிக்குது. அதை மாமன் தூக்கிட்டுப் போயிட்டான்.

போலீசு வேணும்னு ஏத்துனதா எழுதல. அஜாக்கிரதையா ஓட்டிச் சாவடிச்சதா எழுதுச்சு. விபத்தான வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டரு பாத்து எழுதணும், அதுதான் சட்டம். வந்தது யாருன்னு நெனைக்கறீங்க? எமன் மாதிரி நிக்குதுன்னு எழுதுனாரே, அவரேதான். அறுபது நாளைக்கு முந்தி நல்லாருக்குன்னு எழுதுன கை, இப்ப இல்லைன்னு எழுதுமா? வண்டியில எந்தக் குறையும் இல்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. வண்டியில குறை இல்லைன்னா குறை யாருகிட்ட? டிரைவருகிட்ட.

மாதேசுக்கு வக்கீலு வெக்க வழி இல்ல. சர்க்காருல இலவசமா ஒரு வக்கீலம்மாவைக் குடுத்தாங்க. சின்னப் பொண்ணு, ஆனா சூட்டிகை. அந்தம்மா டீக்கடை டீக்கடையா விசாரிச்சிருக்குது. எல்லாரும் என் பேரைச் சொல்லியிருக்காங்க. அவரு ஹாஃப் கிளட்ச்சுல பத்து டன்னை அஞ்சு நிமிஷம் நிறுத்துவாருங்கன்னு. சொல்லாம என்ன, நானே எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.

சம்மன் வந்தப்ப எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு சார், பொய் சொல்லல. கோர்ட்டு காகிதத்துல என் பேரு. அப்புறம் ஆபீசு புரோக்கரு வந்தான். "யோவ், மேட்டுல நான்தான் நிறுத்துனேன்னு சொன்னீன்னா, உள்ள போறது மாதேசு இல்ல, நீயி"ன்னான். நான் யோசிச்சேன். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். இல்லீங்களா?

இன்னிக்குக் காலையில கூண்டுல ஏறுனேன். உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்குனாங்க. வக்கீலம்மா கேட்டுச்சு, நீங்க யாருன்னு. டிரைவருங்கன்னேன். டெஸ்ட்டு அர்த்தநாரின்னு உங்களைச் சொல்லுவாங்களா? அப்படியெல்லாம் இல்லீங்க. அன்னைக்கு மேட்டுல வண்டியை எப்படி நிறுத்துனீங்க? பிரேக்கைப் போட்டேன், தானா நின்னுச்சுங்க. கிளட்ச்சை வெச்சு அஞ்சு நிமிஷம் நிறுத்தற வித்தை உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?

சார், அந்த எடத்துல நான் திரும்பிப் பாத்தேன். பின்னாடி பெஞ்சுல ரத்தினவேலு இருக்காரு, நாலு டிரைவருங்க இருக்காங்க, எல்லாம் என் காலைப் பத்தித் தெரிஞ்சவனுங்க. அத்தனை பேருக்கு முன்னாடி, "தெரியாதுங்க. எனக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாதுங்க"ன்னேன். எவனோ ஒருத்தன் கிளுக்குன்னு சிரிச்சான். பதினோரு வருசம் சம்பாதிச்ச பேரு, ஒரு வார்த்தையில போச்சு. மாதேசுக்கு என்ன, பொண்டாட்டி போனா. அவனுக்காக எல்லாரும் அழறாங்க. எனக்குப் போனதுக்கு எவன் அழறான்?

ஜட்ஜய்யா சாப்பாட்டுக்கு எந்திரிச்சாரு. நான் வெளிய வேப்பமரத்தடியில டீ வாங்கிக் குடிச்சுட்டிருந்தேன். மாதேசு வந்தான். ஜாமீன்ல இருக்கறவன்தானே. அடிக்கப் போறான்னுதான் நெனைச்சேன். ஒரு அடி தள்ளி நின்னான், வேட்டியை எறக்கி வுட்டுட்டு. பக்கத்துல ஈ காக்கா இல்ல.

"அண்ணா, உள்ள ஆயிரம் சொல்லுவாங்க, அது வேற. ஜெயிலு எனக்குப் பெருசில்லண்ணா. எம்பொண்ணைப் பள்ளிக்கூடத்துல போயிப் பாக்கறப்ப எல்லாம் கேக்குது. அம்மாவை நீ ஏத்துனியாப்பா, வண்டி ஏத்துச்சான்னு கேக்குது. ஆறு மாசமா அதுக்கு நான் பதில் சொல்லல. எனக்கே தெரியலண்ணா. பிரேக்கு மேல எந்திரிச்சு நின்னேன், அது மட்டுந்தான் தெரியும். எனக்கு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு மேட்டுல வண்டி தானா நின்னுச்சா?"

கேட்டுட்டு என் மூஞ்சியைப் பாக்கல. காலைப் பாத்தான்.

"நின்னுச்சு மாதேசு. தானாத்தான் நின்னுச்சு"ன்னேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? உள்ள சத்தியம் பண்ணி ஒண்ணைச் சொல்லிட்டு, வெளிய வந்து மரத்தடியில வேறொண்ணைச் சொன்னா, அவன் என்னை என்ன மனுசன்னு நெனைப்பான்? என் மேல எவ்வளவு மதிப்பு வெச்சிருந்தான் தெரியுங்களா. அந்த நேரத்துலகூட அண்ணான்னுதான் கூப்புட்டான். காலி டீ கிளாசை என் கையிலிருந்து வாங்கி, அவனே கொண்டு போயிக் கடையில வெச்சுட்டு வந்தான்.

மத்தியானம் கோர்ட்டு கூடுனதும் அவன் எந்திரிச்சுட்டான். வக்கீலம்மா சட்டையைப் புடிச்சு இழுக்குது, அவன் உக்கார மாட்டேங்கறான். "சாமி, வண்டி மேல தப்பு இல்லீங்க. எங்காலு சரியில்லீங்க. நான்தான் கொன்னேன். எழுதிக்குங்க"ங்கறான். ஜட்ஜய்யா நல்ல மனுசன். யோசிச்சுச் சொல்லுப்பா, உன்னை யாராச்சும் மெரட்டுனாங்களான்னு கேட்டாரு. இல்லீங்க சாமி, இப்பத்தான் எனக்குத் தெளிவாச்சுன்னான். ரெண்டு தடவை கேட்டாரு. ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னான். ஒண்ணரை வருசம் போட்டுட்டாரு. லைசென்சும் போச்சு.

அந்தப் பொண்ணு மதுமிதா மாமன் பக்கத்துல உக்காந்திருந்துச்சு, பள்ளிக்கூடத்துச் சட்டையோட. செல்லமுத்துதான் வேணும்னே கூட்டியாந்திருக்கான், அப்பன் லட்சணத்தைப் பாக்கட்டும்னு. போலீசு கூட்டிட்டுப் போறப்ப மாதேசு அதுகிட்ட நின்னான். "வண்டி இல்லடா கண்ணு. அப்பாதான்"னான். அது அழுவும்னு பாத்தேன். அழல. மாமனோட சட்டைக்குப் பின்னாடி போயி நின்னுக்கிட்டு, "போலாம் மாமா"ன்னுச்சு. மாதேசு கையை நீட்டுனான், தலையைத் தொடறதுக்கு. அது இன்னும் உள்ள போயிருச்சு. நீட்டுன கையை அவன் கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிருந்துட்டு, என் பக்கம் திரும்பிக் கும்புட்டான்.

வக்கீலம்மா என்கிட்ட வந்துச்சு. திட்டப் போகுதுன்னு பாத்தா, என் காலை ஒரு தடவை பாத்துட்டுத் திரும்பிப் போயிருச்சு. படிச்ச திமிரு.

கூத்தம்பாறை வருது சார், அந்தக் கோபுரம் தெரியுது பாருங்க. எறங்கறதுக்கு முந்தி ஒண்ணு. காலையில தெரியாதுன்னு சொன்னதுல இருந்து யாருகிட்டயாச்சும் சொல்லிரணும்னு துடிச்சுட்டுக் கெடந்தேன். ஊருல இனிமே ஒருத்தன்கிட்டயும் சொல்ல முடியாது, சொன்னாக் கோர்ட்டுல பொய் சொன்னவனாயிருவேன். அதான் உங்ககிட்ட. அந்த வண்டியில பிரேக்கு மருந்துக்குக்கூட இல்லீங்க. பத்து டன்னு, நட்ட மேடு, அஞ்சு நிமிஷம். இந்தக் காலுதான் சார் நிறுத்துச்சு. தானா நிக்கல, நான் நிறுத்துனேன். உலகத்துல ஒருத்தருக்காச்சும் அது தெரியணுமில்ல?

நம்பறீங்கதானே? வாயைத் தொறந்து சொல்ல வேண்டாம். சும்மா தலையை ஆட்டுங்க, போதும்.